கெச்சிக்கனில் மழை கொட்டினால் கப்பலிலேயே இருந்துவிடலாமா?

கேள்வி, மார்ச் 9, 2025

ஆகஸ்ட் கடைசியில் வான்கூவரிலிருந்து ஏழு நாள் அலாஸ்கா கப்பல். மாமியாரும் வருகிறார், 71 வயது, முழங்கால் வலி. முதல் துறைமுகம் கெச்சிக்கன். எங்கே படித்தாலும் அங்கே மழை, மழை என்றே எழுதியிருக்கிறார்கள். மழையென்றால் இறங்காமல் கப்பலிலேயே இருந்துவிடலாமா, இல்லை ஒரு ஊர் வீணாகிவிடுமா? போனவர்கள் சொல்லுங்கள்.

மார்ச் 9, இரவு

இருந்துவிடலாம். வீணே இல்லை. 2023 ஆகஸ்ட் கடைசி வாரம் நான் அம்மாவைக் கூட்டிக்கொண்டு இதே வழியில் போனேன். கெச்சிக்கன், ஜூனோ, ஸ்காக்வே, பிறகு பனிப்பாறை, திரும்ப வான்கூவர். கெச்சிக்கனில் காலை எட்டு மணிக்குக் கப்பலைக் கரையில் கட்டினார்கள், மாலை நாலுக்குக் கிளம்பினோம், அந்த எட்டு மணி நேரமும் மழை. நாங்கள் கப்பலில்தான் இருந்தோம். ஏழு நாளில் எனக்கு அதிகம் பிடித்த நாள் அதுதான்.

உண்மையில் நான் இருந்துவிடலாம் என்று முடிவு செய்து இருக்கவில்லை. மிஸ்டி ஃபியோர்ட்ஸ் என்று மலைகளுக்கு நடுவே கடல் புகுந்த இடம், அதைச் சுற்றிக் காட்டும் கடல் விமானத்துக்குப் பணம் கட்டியிருந்தேன். மேகம் மலையின் இடுப்பு வரை இறங்கிவிட்டது, ஏழரை மணிக்கே பயணம் ரத்து என்று சொல்லிவிட்டார்கள். பணம் முழுதும் திரும்பி வந்தது. அம்மா கட்டிலில் உட்கார்ந்து கண்ணாடி வழியே மழையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ரத்து என்று சொன்னதும் அவள் முகத்தில் வருத்தம் தேடினேன், இல்லை. விமானத்தில் ஏறவே அவளுக்குப் பயம் என்பதை அப்புறம்தான் சொன்னாள்.

மழையைப் பற்றி ஒரு கணக்கு. கெச்சிக்கனில் ஆண்டுக்குச் சுமார் 150 அங்குலம் பெய்கிறது, அதாவது ஏறத்தாழ 3,800 மில்லிமீட்டர். சென்னையில் சுமார் 1,400. சென்னையில் அதில் பெரும்பகுதி ஐப்பசி கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிடும், கெச்சிக்கனில் ஆண்டு முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டே இருக்கும். அதனால் மழை இல்லாத நாள் கிடைக்குமா என்று காத்திருப்பது அந்த ஊரில் சரிவராது. மழையோடு என்ன செய்யலாம் என்றுதான் யோசிக்க வேண்டும்.

மார்ச் 10, காலை

அப்படி இருந்தால் நாள் முழுக்க என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள், சொல்கிறேன்.

ஒன்பது மணிக்குள் கப்பல் காலியாகிவிடும். மழையோ வெயிலோ பெரும்பாலானவர்கள் இறங்கத்தான் செய்கிறார்கள். முந்தின நாள் பஃபேயில் ஜன்னலோர மேசை பிடிக்க அரைமணி நேரம் நின்றோம், அன்றைக்கு எந்த மேசை வேண்டுமோ அந்த மேசை. ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை அந்த மூன்று மணி நேரம்தான் முக்கியம். பன்னிரண்டரைக்கு நனைந்த கூட்டம் மொத்தமாகத் திரும்பி வரும், சாப்பாட்டுக் கூடம் ஈரச் சட்டை வாசனையாகிவிடும். அதனால் சாப்பாட்டைப் பதினொன்றரைக்கே முடித்துவிடுங்கள்.

கடைகளும் சூதாட்டக் கூடமும் மூடியிருக்கும். கரையில் நிற்கும்போது வரியில்லாக் கடைகளைத் திறக்க அங்கே அனுமதி இல்லை. எங்களுக்கு அது நிம்மதியாக இருந்தது, அந்தக் கடைத் தளத்தில் எப்போதும் அலறும் பாட்டு அன்றைக்கு இல்லை. மசாஜ் செய்யும் இடத்தில் துறைமுக நாளுக்கென்று விலை குறைப்பார்கள், காலையிலேயே கேட்டு வையுங்கள். அம்மாவின் கால்களுக்கு அரைமணி நேரம் எண்ணெய் போட்டு அழுத்தினார்கள், அன்று மாலை வரை வலி தெரியவில்லை என்றாள்.

திறந்த தளத்தில் வெந்நீர்த் தொட்டி இருக்கும். அம்மா படுத்திருந்தபோது நான் போய் உட்கார்ந்தேன். கழுத்து வரை சூடு, தலையில் மழை, எதிரே பென்னக் தீவின் மரங்கள் கறுப்பாக நின்றன. ஒரு ஆள் இல்லை. ஊரில் குழந்தை பிறந்தபின் வேது பிடித்ததற்குப் பிறகு உடம்பு இப்படி இளகியது அன்றைக்குத்தான்.

உங்கள் அறைக்குப் பால்கனி இருந்தால் எந்தப் பக்கம் கட்டுகிறார்கள் என்று பாருங்கள். கரைப் பக்கம் என்றால் ஊரும் மான் மலையும் தெரியும், டியர் மவுண்டன் என்பார்கள், 3,000 அடி. ஆனால் பக்கத்தில் இன்னொரு கப்பல் வந்து நின்றால் அதன் இரும்புச் சுவர்தான் தெரியும். கடல் பக்கம் என்றால் டாங்காஸ் நீரிணை. எங்களுக்குக் கடல் பக்கம். அந்தக் குறுகிய நீர்தான் கப்பலுக்குப் பாதை, மீன்பிடிப் படகுக்குப் பாதை, கடல் விமானத்துக்கு ஓடுதளம், எல்லாம். பதினொரு மணிக்கு மேகம் கொஞ்சம் தூக்கியதும் சின்ன விமானங்கள் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு எழும்பின. அம்மா எண்ணிக்கொண்டே இருந்தாள். பதினாலு வரை எண்ணினாள்.

கால்வலிக்காரர்களுக்கு ஒன்று. கப்பலிலிருந்து கரைக்குப் போடும் பாலத்தைக் கேங்வே என்கிறார்கள். அங்கே கடல் ஏற்ற இறக்கம் அதிகம், சில நாட்களில் 20 அடி வரை வித்தியாசம் வரும். கடல் வற்றும்போது கீழ்த் தளத்திலிருந்தும், ஏறும்போது மேல் தளத்திலிருந்தும் பாலம் போடுவார்கள். சரிவும் மாறும்.

மார்ச் 10, மதியம்

கேங்வே பற்றித் தலைகீழாக எழுதிவிட்டேன். கடல் வற்றினால் கப்பலும் கீழே இறங்கும், கரையில் உள்ள மேடை இருந்த இடத்தில் இருக்கும், ஆகவே அப்போது மேல் தளக் கதவுதான் மேடைக்கு நேராக வரும். கடல் ஏறினால் கீழ்த் தளக் கதவு. இறங்கும்போது நாலாம் தளம், ஏறும்போது வேறு தளம் என்று இருக்கலாம், பதறவேண்டாம். சரிவு எப்போது குறைவாக இருக்கும் என்று வாசலில் நிற்பவரிடம் கேட்டால் சொல்வார்.

மார்ச் 12

இதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். மாமியாரோடு இருந்துவிடப் போகிறீர்கள் என்றால் இது கட்டாயம்.

பயணிகள் இறங்கிய பிறகு பணியாளர்களுக்கு ஆபத்துக்காலப் பயிற்சி நடத்துவார்கள். கப்பல் பாதுகாப்புக்கான சர்வதேச விதிப்படி ஒவ்வொரு பணியாளரும் மாதம் ஒருமுறையாவது தீ அணைக்கும் பயிற்சியிலும் கப்பலைக் கைவிடும் பயிற்சியிலும் கலந்துகொள்ள வேண்டும். உயிர்காப்புப் படகுகளை மூன்று மாதத்துக்கு ஒருமுறை தண்ணீரில் இறக்கி ஓட்டிப் பார்க்க வேண்டும். துறைமுகத்தில் கட்டி நிற்கும் காலைதான் அதற்கு வசதி.

பத்து மணிக்கு அறிவிப்பு வந்தது, ஆங்கிலத்தில். பணியாளர்களுக்கு மட்டும், பயணிகள் எதுவும் செய்ய வேண்டாம் என்று. நான் தேநீர் எடுக்க மேலே போயிருந்தேன். அறிவிப்பு என் காதில் விழுந்தது, அம்மாவுக்குச் சொல்லவேண்டும் என்று தோன்றவில்லை. கொஞ்ச நேரத்தில் மணி அடித்தது. ஏழு சின்னச் சத்தம், ஒரு நீளச் சத்தம். ஏறின அன்றைக்கு எங்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தது அதேதான், இந்தச் சத்தம் கேட்டால் கூடும் இடத்துக்கு வாருங்கள் என்று. அம்மா அதை நன்றாக ஞாபகம் வைத்திருந்தாள்.

படிக்கட்டில் தீத்தடுப்புக் கதவுகள் மூடிக்கொண்டன, மின்தூக்கி ஏழாம் தளத்தோடு நின்றுவிட்டது. நான் சுற்றிச் சுற்றி அறைக்கு வந்து சேரப் பதினைந்து நிமிடம் ஆகியிருக்கும். கதவைத் திறந்தால் அம்மா அலமாரியிலிருந்து உயிர்காப்புச் சட்டையை எடுத்துச் சேலைக்கு மேலே போட்டுக்கொண்டு கட்டில் நுனியில் உட்கார்ந்திருந்தாள். கையில் அவளுடைய மாத்திரைப் பையும் என்னுடைய பாஸ்போர்ட்டும். அவளுடையது இல்லை, என்னுடையது. "நீ வருவேன்னு இருந்தேன்" என்றாள், அவ்வளவுதான்.

அதைச் சொல்லும்போது இப்போதும் எனக்குத் தொண்டை அடைக்கிறது. ஒரு வார்த்தை முன்னாலேயே சொல்லியிருக்கலாம். தயவுசெய்து உங்கள் மாமியாரிடம் முந்தின இரவே சொல்லிவிடுங்கள்: நாளைக்கு மணி அடிக்கும், படகு இறக்குவார்கள், அது பழகிப் பார்ப்பது, நமக்கு ஒன்றும் இல்லை. பயம் தெளிந்த பிறகு அம்மாவைப் பால்கனிக்குக் கூட்டிவந்தேன். ஆரஞ்சு நிறப் படகு எங்கள் பக்கமாகத்தான் இறங்கியது, மழையில் நனைந்தபடி நீரிணையில் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தது. அம்மா பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அது திரும்ப மேலே ஏறிப் பூட்டும் வரை பார்த்தாள். அதற்கப்புறம் மீதி நாட்கள் அவளுக்குக் கப்பல் மேல் ஒரு நம்பிக்கை வந்துவிட்டது.

மார்ச் 13

இடையில் வந்த சின்னக் கேள்விகளுக்கு.

கெட்டில் கொண்டுபோக முடியாது, சூடாக்கும் எந்தச் சாதனத்தையும் ஏறும்போதே வாங்கி வைத்துக்கொள்வார்கள். பஃபேயில் எந்நேரமும் வெந்நீர் கிடைக்கும், நல்ல ஃபிளாஸ்க் ஒன்று போதும். காப்பித்தூள் கொண்டுபோனோம்.

இந்தியச் சாப்பாடு முந்தின இரவே கேட்டு வைத்தால் செய்துதருகிறார்கள். மழை நாளன்று அம்மா ரசம் கேட்டாள். வந்தது ரசம் இல்லை, மிளகு போட்ட தக்காளிச் சாறு, ஆனால் சுடச்சுட வந்தது, இரண்டு கிண்ணம் குடித்தாள்.

துணி காயப்போடக் குளியலறையில் சுவரோடு ஒரு சின்ன உருளை இருக்கும், அதிலிருந்து கயிறு இழுத்து எதிர்ச் சுவரில் மாட்டலாம். பலர் அதைக் கவனிப்பதே இல்லை.

இந்தியப் பாஸ்போர்ட் என்றால் கனடாவில் ஏறினாலும் அமெரிக்க விசா வேண்டும், கெச்சிக்கன் அமெரிக்க மண். வான்கூவர் கனடா பிளேஸில் ஏறும் முன்பே அமெரிக்கக் குடிவரவுச் சோதனை முடிந்துவிடும், அலாஸ்காவில் இறங்கும்போது மறுபடி வரிசை கிடையாது.

கப்பல் நேரமும் போன் நேரமும் ஒன்றுதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அலாஸ்கா நேரம் வான்கூவருக்கு ஒரு மணி பின்னால்.

மார்ச் 16

கப்பல் காலியாகிவிடும் என்று எழுதினேன். அது சரியில்லை. பயணிகள் காலியாகிறார்கள், வேலை பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். அன்றைக்குத்தான் அவர்கள் முகம் எங்களுக்குத் தெரிந்தது.

பஃபேயில் அம்மா என்னிடம் காப்பி ஆறிப்போச்சு என்று சொன்னாள். மேசை துடைத்துக்கொண்டிருந்த தம்பி சட்டென்று நிமிர்ந்து, "அம்மா, நீங்க எந்த ஊரு?" என்றார். தூத்துக்குடிக்காரர். அம்மாவுக்குத் தென்காசி. இரண்டு ஊருக்கும் நடுவில் உள்ள ஊர்களையெல்லாம் பேசி முடித்துவிட்டார்கள். அவர் அப்பாவும் கப்பலுக்குப் போனவர், ஆனால் சரக்குக் கப்பல்.

நீ இறங்கலையா தம்பி என்று அம்மா கேட்டாள். அன்றைக்கு அவருக்குத் துறைமுகக் காவல் முறை. கப்பல் கரையில் நின்றாலும் ஏதாவது ஆனால் சமாளிக்கப் போதுமான ஆட்கள் எப்போதும் கப்பலில் இருந்தாக வேண்டும், முறை போட்டு நிறுத்திவைப்பார்கள். காவல் இல்லாத நாளிலும் காலை வேலைக்கும் மதிய வேலைக்கும் நடுவில் கிடைக்கும் இரண்டு மணி நேரம்தான். மே மாதத்திலிருந்து வாராவாரம் கெச்சிக்கன் வருகிறார், தரையில் கால் வைத்தது மூன்று தடவை. மூன்று தடவையும் மழை. "நல்லா நனைஞ்சேன்மா, நம்மூர் மழை மாதிரியே வாசம் வராது, ஆனா நனையறது நனையறதுதானே" என்றார்.

மற்ற பணியாளர்கள் இறங்குவதை மேல் தளத்திலிருந்து பார்த்தோம். பயணிகள் குடையை விரித்து, மூடி, வானத்தைப் பார்த்து யோசித்து நின்றார்கள். பணியாளர்கள் தலையில் ஒரு தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு ஓடினார்கள். பெரும்பாலோர் பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, நம்மூர்ப் பிள்ளைகள். வீட்டுக்குப் பேச நல்ல இணையம் கிடைக்கும் இடம், சோப்பு, நூடுல்ஸ் வாங்கும் கடை, அதற்குத்தான் ஓட்டம். அம்மா ரொம்ப நேரம் அதைப் பார்த்தாள். பையிலிருந்த முறுக்கு டப்பாவை அப்படியே அந்தத் தம்பியிடம் கொடுத்துவிட்டாள், இன்னும் நாலு நாள் பயணம் இருக்கிறதே என்று நான் நினைத்தேன், சொல்லவில்லை.

இதை இங்கே எழுதக் காரணம் இருக்கிறது. நான் முதல் நாள் எழுதியதைத் திரும்பப் படித்தேன். இருந்துவிடலாம், வீணே இல்லை என்று எவ்வளவு உறுதியாகச் சொல்லியிருக்கிறேன். இறங்க முடியாதவர் ஒருவரோடு பேசிக்கொண்டிருந்துவிட்டு, இறங்க முடிந்த நாங்கள் அப்படியே இருந்துவிட்டோமா? எனக்கே இப்போது சந்தேகமாக இருக்கிறது. அம்மாவிடம் கேட்டுவிட்டு எழுதுகிறேன்.

மார்ச் 23

கேட்டேன். நாங்கள் இறங்கினோம்.

எனக்கு அது மறந்தே போயிருக்கிறது. ஒன்றரை ஆண்டாகக் கெச்சிக்கன் என்றால் கப்பலிலேயே இருந்த நாள் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு வந்தேன், இங்கேயும் எழுதிவிட்டேன். போனில் அம்மா, "என்னட்டி சொல்லுத, மீனு பாத்தோம்லா?" என்றாள். உடனே எல்லாம் வந்துவிட்டது.

இரண்டு மணி இருக்கும். அந்தத் தம்பியிடம் பேசிவிட்டு வந்து கொஞ்ச நேரம் படுத்தாள், எழுந்து கொண்டை போட்டுக்கொண்டு, வா போய்ட்டு வந்துருவோம் என்றாள். மழை பெய்யுதும்மா என்றேன். கையைப் பால்கனிக்கு வெளியே நீட்டிப் பார்த்தாள். "இது எங்கட்டி மழை, சாரல்லா இது" என்றாள்.

தென்காசிக்காரர்களுக்குச் சாரல் என்றால் என்னவென்று சொல்லவேண்டியதில்லை, மற்றவர்களுக்குச் சொல்கிறேன். ஆனி ஆடியில் குற்றாலத்தில் விழுவது. குடை பிடித்தால் குடைக்கு அடியிலும் வரும், பிடிக்காவிட்டால் நனைந்தது தெரியாமல் நனைவோம். ஊர் ஊராக ஜனங்கள் வண்டி கட்டிக்கொண்டு வருவதே அதில் நனையத்தான். சாரல் விழுகிறது, அதனால் குற்றாலம் போகவேண்டாம் என்று யாராவது சொல்வார்களா? சாரல் இல்லை என்றுதான் திரும்பிப் போவார்கள். அம்மா அந்த ஊரைப் பார்த்த விதம் அதுதான். மழைக்காக நான் ரத்து செய்துகொண்டிருந்தேன், அவள் சீசன் பார்க்க வந்தவள்போல் கிளம்பினாள்.

கேங்வே கொஞ்சம் செங்குத்து. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கினாள். மேடைக்குப் பக்கத்திலேயே சுற்றுலா அலுவலகச் சுவரில் ஆளுயரத்தைவிடப் பெரிய மழைமானி ஒன்று வரைந்திருக்கிறார்கள், திரவ வெயில் என்று அந்த ஊர்க்காரர்கள் மழைக்கு வைத்த பெயரோடு. 1949-ல் 200 அங்குலத்துக்கு மேல் பெய்ததை உச்சியில் குறித்து வைத்திருக்கிறார்கள். ஊர்ப் பெருமையை வாசலிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். அதைப் படித்துச் சொன்னதும் அம்மாவுக்கு அந்த ஊரைப் பிடித்துவிட்டது.

பக்கத்துக் கடையில் அவளுக்கு மஞ்சள் நிற மழைக்கோட்டு வாங்கினோம். சேலையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு மேலே கோட்டு. பத்து நிமிட நடையில் கிரீக் ஸ்ட்ரீட். அது தெரு இல்லை, ஓடையின் மேல் மரத்தூண்கள் நட்டு, பலகை பரப்பி, அதன்மேல் வீடுகள். பலகை வழுக்கும், முழங்கால் வலிக்காரர்கள் கைப்பிடியை விடக்கூடாது. ஓடைப் பாலத்தில் நின்று கீழே பார்த்தால் முதலில் தண்ணீர் கறுப்பாகத் தெரிகிறது, கண் பழகியதும் அது தண்ணீரில்லை, மீன். ஆயிரக்கணக்கில் சால்மன், நீரோட்டத்துக்கு எதிராக முகத்தை வைத்துக்கொண்டு நின்ற இடத்திலேயே நீந்திக்கொண்டிருந்தன. கடலில் வளர்ந்து, பிறந்த ஓடைக்கே திரும்பி வந்து முட்டையிட்டுச் செத்துப்போகும். ஓரத்தில் செத்த மீன்கள் ஒதுங்கிக் கிடந்தன, நாற்றம் உண்டு. சைவ வீட்டில் பிறந்த அம்மா மூக்கைக்கூடப் பிடிக்கவில்லை. பிறந்த ஊருக்கா இத்தனை பாடு என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

நாற்பது நிமிடம். மூன்றேகாலுக்குத் திரும்பி ஏறிவிட்டோம்.

ஆகவே என் முதல் பதிலைத் திருத்துகிறேன். நாள் முழுக்கக் கப்பலில் இருங்கள், அது நல்ல நாள், நான் சொன்ன எதுவும் பொய்யில்லை. ஆனால் அந்த நாற்பது நிமிடத்தை விட்டுவிடாதீர்கள். அம்மாவுக்கு ஏழு நாளில் ஞாபகம் இருப்பது பனிப்பாறையும் இந்த ஓடையும்தான்.

மார்ச் 24

குற்றாலத்தையும் கெச்சிக்கனையும் ஒன்றுபோல எழுதியதற்கு ஒருவர் மறுப்புச் சொல்லியிருக்கிறார், அவர் சொல்வது நியாயம். கெச்சிக்கனில் பசிபிக் கடலின் ஈரக்காற்று வந்து நேரே மலையில் மோதி மேலேறிக் குளிர்ந்து கொட்டுகிறது, ஊர் காற்று வரும் பக்கத்தில் இருக்கிறது. குற்றாலம் மலைக்கு இந்தப் பக்கம். தென்மேற்குப் பருவக்காற்று கேரளத்துப் பக்கம் கொட்டிவிட்டுச் செங்கோட்டைக் கணவாய் வழியாகச் சிந்துகிற மிச்சம்தான் நமக்குச் சாரல். அப்படிப் பார்த்தால் கெச்சிக்கனுக்குச் சரியான ஜோடி மலைக்கு அந்தப் பக்கத்து ஊர்கள்தான்.

ஆனாலும் அன்று அம்மா கையில் விழுந்தது சாரல்தான். அதை மாற்ற மாட்டேன்.

ஏப்ரல் 2

இறங்குவதென்றால் என்ன போட்டுக்கொள்வது என்று கேட்டிருக்கிறீர்கள். குடை வேண்டாம். காற்று வந்தால் அதைச் சமாளிப்பதே வேலையாகிவிடும், கைப்பிடி பிடிக்கக் கையும் இருக்காது. உள்ளூர்க்காரர்கள் கையில் குடையைப் பார்க்கவே முடியவில்லை, தலையை மூடும் கோட்டும் பழுப்பு நிற ரப்பர் பூட்ஸும்தான், எக்ஸ்ட்ராடஃப் என்று பெயர், மீன் பிடிப்பவர் முதல் கடைக்காரர் வரை. மாமியாருக்குப் பிடிமானம் உள்ள செருப்பு, இரண்டு ஜோடி சாக்ஸ் போதும். ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் அடுத்த நாள் ஜூனோவிலும் காயாது.

மழையில் நிற்கவே முடியாது என்றால் டோட்டம் ஹெரிடேஜ் சென்டர் போங்கள். கைவிடப்பட்ட டிலிங்கிட், ஹைடா கிராமங்களிலிருந்து கொண்டுவந்த பழைய குலமரபுத் தூண்களைக் கூரைக்குக் கீழே வைத்திருக்கிறார்கள், 1976-ல் தொடங்கியது. வாடகை வண்டியில் சில நிமிடம். சாக்ஸ்மன், டோட்டம் பைட் என்ற தூண் பூங்காக்கள் இரண்டும் திறந்தவெளி, நனையத் தயார் என்றால் மட்டும். நாங்கள் இவற்றுக்குப் போகவில்லை, அடுத்த தடவை என் பட்டியலில் முதலில் அதுதான்.

சியாட்டிலிலிருந்து மலிவாகக் கிடைக்கிறதே, மாற்றலாமா என்று இன்னொருவர் கேட்டார். தலைசுற்றல் இருப்பவர் வந்தால் வான்கூவரே நல்லது. வான்கூவர்க் கப்பல் தீவுகளுக்குள் புகுந்து அமைதியான நீரில் போகும், சியாட்டில் கப்பல் பெரும்பாலும் வான்கூவர் தீவுக்கு வெளியே திறந்த கடலில் போகும். சியாட்டில் பயணத்தில் விக்டோரியா என்று ஒரு கனடா ஊர், அநேகமாக ராத்திரி நேரத்தில், வருகிறதே ஏன் என்றால் அது 1886-ல் போட்ட அமெரிக்கச் சட்டம். வெளிநாட்டுக் கொடி பறக்கும் கப்பல் அமெரிக்கத் துறைமுகத்தில் ஏற்றி அமெரிக்கத் துறைமுகங்களை மட்டும் சுற்றிக் காட்டிவிட்டு வரக்கூடாது, நடுவில் ஒரு வெளிநாட்டுத் துறைமுகம் தொட வேண்டும்.

நாலு மணிக்குக் கிளம்பும்போது உள்ளே போய்விடாதீர்கள். வடக்கே திரும்பினால் கொஞ்ச தூரத்தில் வலப்பக்கம் ஊர் முடிவதும் இடப்பக்கம் கிராவினா தீவில் விமான நிலையமும் வரும். ஊர் ஒரு தீவில், விமான நிலையம் வேறு தீவில், நடுவே சின்னப் படகுதான் போக்குவரத்து. பாலம் கட்டும் திட்டம் பெரிய சர்ச்சையாகி 2007-ல் கைவிடப்பட்டது. பெட்டிகளோடு ஜனங்கள் படகில் நிற்பதைப் பார்த்து அம்மா கையசைத்தாள், இரண்டு பேர் திருப்பி அசைத்தார்கள்.

ஜூன் 17

கேள்வி கேட்டவர் டிக்கெட் உறுதியாகிவிட்டது, மாமியாரிடம் மணிச் சத்தத்தைப் பற்றி இப்போதே சொல்லிவிட்டேன் என்று எழுதியிருக்கிறார். ரொம்ப சந்தோஷம். போன பிறகு ஓடையில் மீன் இருந்ததா என்று மட்டும் எழுதுங்கள், அம்மா கேட்பாள்.

எங்கள் ஊரில் சீசன் தொடங்கிவிட்டது. நேற்று அண்ணி ஒரு படம் அனுப்பினாள். ஐந்தருவிக்குப் போகும் வழியில் சாரலில் எல்லாரும் சேலையும் வேட்டியுமாக நனைந்துகொண்டு நிற்கிறார்கள். நடுவில் அம்மா, கெச்சிக்கனில் வாங்கிய மஞ்சள் கோட்டோடு, தலையை மட்டும் மூடாமல்.